விண்டோஸ் திருந்தட்டும் என்று காத்திருக்காமல் மலையில் பழைய லேப்டாப்பை ஓட்டுவது எப்படி

2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பிக்குக் குறைந்தபட்சம் 64 எம்பி ராம் இருந்தால் போதும் என்றது மைக்ரோசாஃப்ட். 2021-ல் வந்த விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சமே 4 ஜிபி. 64 மடங்கு. இந்த இருபது வருஷத்தில் நீலகிரியில், கோத்தகிரி கடைவீதியில் ஒருவர் கம்ப்யூட்டரில் செய்கிற வேலை அப்படி என்ன மாறிவிட்டது? கடிதம் அடிக்கிறார், பிரிண்ட் எடுக்கிறார், பச்சைத் தேயிலை எடைக் கணக்கை எக்செலில் போட்டு வைக்கிறார், பிள்ளைக்குச் சான்றிதழ் விண்ணப்பிக்கிறார். பிரவுசர் கனத்துவிட்டது, வீடியோ பார்க்கிறோம், அதெல்லாம் உண்மைதான். ஆனாலும் 64 மடங்கு என்றால் கணக்கு உதைக்கிறது.

வேகம் மட்டும் இல்லை எரிச்சல். மாற வேண்டியது மாறாது, யாரும் கேட்காதது மாறிக்கொண்டே இருக்கும். பழைய கன்ட்ரோல் பேனலுக்குப் பதிலாகச் செட்டிங்ஸ் என்று ஒன்றை 2012-ல் விண்டோஸ் 8-ல் கொண்டுவந்தார்கள். விண்டோஸ் 11 வரைக்கும் வந்தாயிற்று, இரண்டும் கூடவே இருக்கின்றன, சில வேலைக்கு இங்கே போக வேண்டும், சிலதுக்கு அங்கே. அதற்குள் ஸ்டார்ட் பட்டனை நடுவுக்கு இழுத்து, ரைட் கிளிக் மெனுவில் பாதியை 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்பதற்குப் பின்னால் ஒளித்துவிட்டார்கள். (ஷிப்ட்டை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்தால் பழைய மெனு நேராக வரும்.) தமிழுக்கு நடந்ததைப் பாருங்கள். தமிழ்99 விசைப்பலகையைத் தமிழக அரசு 1999-ல் ஏற்றது. விண்டோஸுக்கு உள்ளேயே அது வந்தது 2019-ல். நடுவில் இருபது வருஷம் நம்மைத் தட்டச்ச வைத்தவை அழகி, இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் மாதிரி தனி ஆட்களும் சிறு குழுக்களும் செய்து கொடுத்த மென்பொருள்கள்.

பழைய மென்பொருள் எல்லாம் தொடர்ந்து ஓட வேண்டும் என்பதால்தான் அவர்களால் சட்டென்று எதையும் தூக்கிப் போட முடிவதில்லை, அது நியாயம். பத்து வருஷத்துக்கு முன் அடித்த கோப்பு இன்றைக்கும் திறக்கிறது என்றால் அதனால்தான். ஆனால் அடுத்த வெர்ஷன் வந்தால் வேகமாகிவிடும் என்று காத்திருப்பதில் ஒரு பயனும் இல்லை. கையில் இருக்கிற மெஷினில் நீங்களே மாற்றக்கூடியவை சில இருக்கின்றன. பலன் அதிகமானதில் தொடங்கிச் சொல்கிறேன்.

எதைத் தொடும் முன்பும் கோப்புகளை வெளியே ஒரு டிஸ்கிலோ பென் டிரைவிலோ எடுத்து வையுங்கள். டெஸ்க்டாப்பில் கிடப்பவற்றையும் டவுன்லோட்ஸ் போல்டரையும் மறந்துவிடுவார்கள், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை அதைவிட அதிகமாக மறப்பார்கள்.

டிஸ்க்தான் முதல் குற்றவாளி

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க் என்று இருப்பதைப் பாருங்கள். எச்டிடி என்று போட்டு, நீங்கள் ஒன்றுமே செய்யாதபோதும் 100 சதவீதத்தில் நின்றால் நோய் அதுதான். லேப்டாப்பில் வரும் பழைய ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றுவது, விண்டோஸ் 10-ம் 11-ம் பின்னணியில் ஓயாமல் எதையாவது படித்து எழுதிக்கொண்டே இருப்பவை, அதனால் நீங்கள் ஒரு வேர்ட் கோப்பைத் திறக்கச் சொன்னால் அதுவும் வரிசையில் போய் நிற்க வேண்டியதுதான். கடையில் ராம் போடச் சொல்வார்கள். 4 ஜிபிக்குக் கீழே இருந்தால் போடுங்கள். ஆனால் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் எஸ்எஸ்டி (சுழலும் பாகமே இல்லாத வேகமான டிஸ்க்) வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம்.

2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில் கிடைத்த மெஷின்கள் இந்த மலையில் வீட்டுக்கு வீடு பரணில் கிடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் இருப்பது சாதாரண 2.5 இன்ச் சாட்டா டிஸ்க், ஸ்க்ரூவைக் கழற்றினால் கையோடு வரும், அதே அளவு எஸ்எஸ்டி அதே இடத்தில் உட்காரும். 240 அல்லது 256 ஜிபி தாராளம். பழைய டிஸ்கில் இருப்பதை அப்படியே நகலெடுக்கச் சாட்டாவை யுஎஸ்பியாக்கும் கேபிள் கிடைக்கிறது, இருந்தாலும் புதிதாக இன்ஸ்டால் செய்வதே மேல், ஐந்து வருஷக் குப்பையை ஏன் புது வீட்டுக்குத் தூக்கிப் போக வேண்டும்? பேர் தெரியாத பிராண்டு எஸ்எஸ்டி ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும், வாங்காதீர்கள். கோயம்புத்தூர் போகிற யாரிடமாவது சொல்லி, பில்லும் வாரண்டியும் உள்ளதாக வாங்கி வரச் சொல்லுங்கள்.

32 ஜிபி இஎம்எம்சி என்று போட்ட மலிவு லேப்டாப் என்றால் இது நடக்காது. அதன் சேமிப்புச் சிப் போர்டிலேயே பற்றவைத்தது, மாற்ற முடியாது, விண்டோஸின் பெரிய அப்டேட்டுக்கு அதில் இடமே பற்றாது. அதற்கான வழி கீழே லினக்ஸ் பகுதியில் (லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச சிஸ்டம்).

இன்னொன்று. கீழே சமவெளியில் 'சூடாகுது, கூலிங் பேட் வாங்கு' என்பார்கள். இங்கே நம் எதிரி ஈரம். குளிரில் வண்டியில் கிடந்த லேப்டாப்பை நேராக அடுப்பெரிகிற அறைக்குள் கொண்டுவந்து ஆன் செய்தால் உள்ளே நீர் பூத்திருக்கும். பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் வைத்துவிட்டு அப்புறம் எடுங்கள்.

கூடவே எழுந்திருக்கும் கூட்டம்

அதே டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பக்கம். மெஷினை ஆன் செய்ததும் தானாக ஓடுகிற எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். பிரிண்டர் கம்பெனியின் உதவியாளர், பாட்டு ஆப், மீட்டிங் ஆப், பிடிஎஃப் அப்டேட்டர் எல்லாவற்றையும் டிசேபிள் செய்யுங்கள், எதுவும் அழியாது, வேண்டும்போது நீங்களே திறந்துகொள்ளலாம். லேப்டாப்போடு இலவசமாக வந்து எப்போதோ காலாவதியான ஆன்டிவைரஸை நீக்கிவிடுங்கள், விண்டோஸிலேயே இருக்கும் டிஃபெண்டர் போதும். அதை ஆஃப் செய்யச் சொல்லும் 'ஆக்டிவேட்டர்' (காசு கொடுக்காத விண்டோஸை ஒரிஜினல் போலக் காட்டும் திருட்டு மென்பொருள்) எதையாவது யாராவது பென் டிரைவில் கொண்டுவந்தால் பென் டிரைவை வாங்காதீர்கள்.

விண்டோஸ் 8-லிருந்து ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் இல்லை, பாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற பெயரில் பாதியை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்குகிறது. மெஷின் விநோதமாக நடந்துகொண்டால் ஷட்டவுன் பண்ணி ஆன் செய்வதில் பயனில்லை, ரீஸ்டார்ட் கொடுங்கள்.

அப்டேட்: மழையையும் கரண்டையும் பார்த்துப் போடுங்கள்

'அண்ணா, அப்டேட் ஓடிட்டு இருக்கும்போது கரண்ட் போயிடுச்சு, இப்ப கறுப்பா நிக்குது.' மழைக்காலத்தில் இங்கே அதிகம் கேட்கும் வாக்கியம் இது. திரையில் 'கம்ப்யூட்டரை ஆஃப் செய்யாதீர்கள்' என்று அது பாட்டுக்கு எழுதும், மின்வாரியம் அதைப் படிக்கவா போகிறது? அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்த மாவட்டம் இது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர், பந்தலூர் பக்கம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரி பக்கம், ஒரு மரம் லைன் மேல் விழுந்தால் எப்போது கரண்ட் வரும் என்று யாரும் சொல்ல முடியாது. பேட்டரி செத்த லேப்டாப்பை நேராக ப்ளக்கில் ஓட்டுபவர்கள்தான் இங்கே பாதிப்பேர். அப்டேட் பாதியில் நிற்பதற்கு இதைவிடத் தோதான ஊர் இல்லை.

அதனால் அப்டேட்டின் நேரத்தை நீங்கள் பிடியுங்கள். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட்டுக்குப் போனால் 'பாஸ்' (Pause) என்று இருக்கும், அதிகபட்சம் 35 நாள் வரை தள்ளிப் போடலாம். ஆக்டிவ் அவர்ஸ் என்பதில் 18 மணி நேரம் வரை கொடுக்கலாம், அந்த நேரத்துக்குள் அது தானாக ரீஸ்டார்ட் ஆகாது. மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியாகும், நமக்கு வந்து சேர அன்று இரவோ மறுநாளோ ஆகும். உடனே போட வேண்டாம், ஒரு வாரம் போகட்டும். அதில் ஏதாவது கோளாறு இருந்தால் அதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அப்புறம் வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்து, பராமரிப்புக்காக மின்தடை என்று பேப்பரில் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பேட்டரி நிறைய இருக்கும்போது போடுங்கள். பேட்டரி இல்லையென்றால் யுபிஎஸ் உள்ள இடத்துக்கு எடுத்துப் போங்கள். அதுக்காக அப்டேட்டே வேண்டாம் என்று நிரந்தரமாக நிறுத்தி வைப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், அதே மெஷினில்தான் நெட் பேங்கிங் செய்கிறீர்கள்.

போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுகிறவர்கள் அந்த வைஃபையின் பிராப்பர்ட்டீஸுக்குள் போய் 'மீட்டர்ட் கனெக்‌ஷன்' என்பதை ஆன் செய்யுங்கள். இல்லையென்றால் காலை பத்து மணிக்கே அன்றைய டேட்டா முழுவதையும் விண்டோஸ் குடித்துவிட்டிருக்கும். அப்டேட் பக்கத்தின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் டெலிவரி ஆப்டிமைசேஷன் என்று ஒன்று உண்டு. ஏற்கனவே இறக்கிய அப்டேட்டை உங்கள் இணைப்பிலிருந்தே மற்ற கம்ப்யூட்டர்களுக்கு அனுப்பும் வசதி அது. தாராள மனசுக்கு இது இடமில்லை, ஆஃப்.

விண்டோஸ் 10-ல் மாட்டிக்கொண்டவர்களுக்கு

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. 11-க்குப் போக டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசசரோ அதற்கு மேலோ வேண்டும். எட்டாம் தலைமுறை வந்ததே 2017-ல்தான். அதற்கு முந்தைய நல்ல ஐ5 மெஷின்கூட தகுதியில்லாததாகிவிட்டது, வேலை செய்யாமல் இல்லை, பட்டியலில் இல்லை, அவ்வளவுதான். எனக்கு இதில்தான் உண்மையான கோபம்.

வீட்டு உபயோகத்துக்கு ஒரு வருஷ நீட்டிப்பு அறிவித்தார்கள், 2026 அக்டோபர் 13 வரை. மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் நுழைந்து செட்டிங்ஸை அவர்களுடைய கிளவுடில் பேக்கப் செய்ய ஒத்துக்கொண்டால் காசு கேட்க மாட்டார்கள் என்றும், இல்லையென்றால் 30 டாலர் என்றும் வைத்தார்கள். தகுதியில்லாத மெஷினில் 11-ஐ ஏமாற்றி ஏற்றவும் வழி உண்டு, பென் டிரைவில் இன்ஸ்டாலரை எழுதித் தரும் ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் அதைச் செய்யும். தொழிலுக்கு நம்பியிருக்கும் மெஷினில் வேண்டாம். அடுத்த அப்டேட் வருமா என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

லினக்ஸ், ஆனால் எல்லோருக்கும் இல்லை

டேலி ஓட்டுகிறீர்களா, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகி ஏதாவது தாக்கல் செய்கிறீர்களா, வானவில் எழுத்துருவில் தினமும் கோப்பு வருகிறதா? விண்டோஸிலேயே இருங்கள், எஸ்எஸ்டி போட்டுக்கொண்டு. ஜெராக்ஸ் கடைகளில் சாகாவரம் பெற்ற கேனன் எல்பிபி 2900 பிரிண்டரை லினக்ஸில் ஓட வைப்பதும் லேசில்லை. பிரவுசர், வேர்ட் மாதிரி ஒன்று, எக்செல் மாதிரி ஒன்று, யூடியூப், பிள்ளைகள் படிப்பு, ஹோம்ஸ்டே புக்கிங் பார்ப்பது என்றால் தாராளமாகப் போகலாம். அந்த அரசு லேப்டாப்களிலேயே விண்டோஸோடு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் செய்த பாஸ் (BOSS) லினக்ஸும் இருந்தது, யாரும் சொல்லிக் கொடுக்காததால் பலர் திறந்துகூடப் பார்த்ததில்லை.

நான் சொல்வது லினக்ஸ் மின்ட், அதில் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2 ஜிபி ராமில் எழுந்து நிற்கும், 4 இருந்தால் நிம்மதி. 22-ம் வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி, சிக்னல் நன்றாக உள்ள இடத்தில் இரவில் இறக்குங்கள். 8 ஜிபி பென் டிரைவில் ரூஃபஸ் கொண்டு எழுதி, லேப்டாப்பை ஆன் செய்தவுடன் லெனோவா, டெல் என்றால் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9 தட்டி அதிலிருந்து பூட் செய்யுங்கள்.

உடனே இன்ஸ்டால் செய்யாதீர்கள், இது முக்கியம். பென் டிரைவிலிருந்தே முழு சிஸ்டமும் ஓடும், டிஸ்கைத் தொடாது. வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, உங்கள் பிரிண்டர் அச்சடிக்கிறதா, மூடியை மூடித் திறந்தால் எழுகிறதா என்று ஒரு நாள் முழுக்கப் பாருங்கள். பென் டிரைவில் மெதுவாகத்தான் இருக்கும், அதை வைத்து வேகத்தை எடை போடக் கூடாது. எல்லாம் சரி என்றால் டெஸ்க்டாப்பில் இருக்கும் இன்ஸ்டால் ஐகான். 'எரேஸ் டிஸ்க்' என்று கேட்கும்போது கை நிற்கட்டும், பேக்கப் எடுத்தாயிற்றா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டு அழுத்துங்கள். 32 ஜிபி இஎம்எம்சி மெஷினுக்கும் இதுதான் வழி, 20 ஜிபி இருந்தால் மின்ட் உட்கார்ந்துவிடும்.

தமிழுக்கு ஐபஸ் (IBus) என்ற தட்டச்சு மென்பொருளும் அதற்கான எம்17என் (m17n) தொகுப்பும் போட்டால் தமிழ்99 கிடைக்கும். முதல் வேலையாக டைம்ஷிப்டைத் திறந்து ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வையுங்கள், ஏதாவது அப்டேட் கெடுத்தால் பழைய நிலைக்குத் திரும்பலாம். உங்கள் கோப்புகளை அது காப்பாற்றாது, சிஸ்டத்தை மட்டும்தான். லினக்ஸும் மெதுவாகத்தான் மாறுகிறது என்பதை மறைக்கவில்லை. புளூடூத் ஹெட்செட், கைரேகை சென்சார் இதிலெல்லாம் இன்னும் இழுபறிதான்.

கடைசியாக, புலம்ப வேண்டும் என்றால் எங்கே புலம்புவது? விண்டோஸ் கீயும் எஃப்-ம் சேர்த்து அழுத்தினால் பீட்பேக் ஹப் திறக்கும். எழுதுங்கள், பதில் வரும் என்று காத்திருக்க வேண்டாம். வேர்ட், எக்செலுக்குப் பதிலான இலவச லிப்ரே ஆபீஸின் தமிழ் மெனுவில் ஒரு சொல் அபத்தமாக இருந்தால் மட்டும் கதை வேறு. அதன் மொழிபெயர்ப்பு வெப்லேட் தளத்தில் நடக்கிறது, ஒரு அக்கவுன்ட் போட்டு மாற்றுச் சொல்லை நீங்களே எழுதிவிடலாம்.