காலிமுகத்திடலில் இறால் வடை: ஊருக்குப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

1990களில் வெளிநாடு போவதற்காக கொழும்பு வெள்ளவத்தை லொட்ஜ்களில் மாதக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு, அங்கே கடலோரம் இருக்கும் காலிமுகத்திடலை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. விசா வருமா, ஏஜென்சிக்காரன் கூப்பிடுவானா என்று தெரியாத பின்னேரங்களில் பஸ் ஏறிப் போய், கடலைப் பார்த்துக்கொண்டு ஒரு இறால் வடையை இரண்டு பேராகப் பிய்த்துத் தின்ற இடம் அது. நானும் அப்படித் தின்றவன்தான். இந்தக் குறிப்பு, அதே இடத்துக்கு இப்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கும், முதல்தடவை தனியாகப் போகிற பிள்ளைகளுக்கும்.

எப்போது போவது என்பதை முதலில் யோசியுங்கள். எங்களில் நிறையப் பேர் யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழாவை ஒட்டியே ஊருக்குப் போகிறோம். திருவிழா 25 நாள். அந்த நாட்களில் பல வீடுகளில் மச்சம் (மீன், இறைச்சி) இருக்காது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கிய அன்றே இறால் வடை தேடாமல், திருவிழா முடிந்து திரும்பி வரும்போது கொழும்பில் ஒரு மாலையை இதற்காக ஒதுக்கிவைப்பது நல்லது. அதற்குள் வயிறும் ஊர்ச் சாப்பாட்டுக்குப் பழகியிருக்கும்.

வெள்ளவத்தையில் தங்கினால் காலி வீதியில் கோட்டைப் பக்கமாகப் போகும் 100 அல்லது 101 பஸ்ஸில் ஏறலாம். இல்லாவிட்டால் ஓட்டோ. ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்தால் பொழுது கடலில் இறங்குவதையும் பார்க்கலாம். இருட்டின பிறகுதான் வண்டில்களில் வியாபாரம் சூடு பிடிக்கும். சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி) விடுமுறை நாட்களில் சனம் நிறைய வரும். சனம் கூடினால் வடை வேகமாக விற்றுப்போகும், புதிதாகப் பொரித்தபடியே இருப்பார்கள். ஆகவே கூட்டத்துக்குப் பயந்து வெறிச்சோடிய நாளைத் தேடிப் போக வேண்டாம்.

இந்தத் திடலை 1859இல் ஆளுநர் ஹென்றி வார்ட் மக்கள் உலாவுவதற்காக அமைத்து முடித்தார். கொழும்புப் பெண்களின், பிள்ளைகளின் நலனுக்காக இதைப் பேணும்படி பின்னால் வரும் ஆளுநர்களைக் கேட்டுக்கொண்ட கல்வெட்டும் அங்கே உண்டு. பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

சரி, வடைக்கு வருவோம். பருப்பை ஊறவைத்து ஒன்றிரண்டாக அரைத்து, வெங்காயம், மிளகாய், கறிவேப்பிலை சேர்த்துத் தட்டையாகத் தட்டி, மேலே முழு இறாலைத் தலையோடும் கோதோடும் பதித்துப் பொரிப்பார்கள். வண்டில் கண்ணாடிக்குள் வடைகளைக் கோபுரம்போல அடுக்கியிருப்பார்கள், பார்க்க அழகுதான். ஆனால் அந்த அடுக்கில் இருப்பது எப்போது பொரித்தது என்று உங்களுக்குத் தெரியாது. ஆறின வடையை எண்ணெயில் ஒரு தடவை முக்கிச் சூடாக்கித் தருவதும் உண்டு. அப்படிச் சாப்பிட்டால் பருப்பு ரப்பர்போல இழுபடும், இறால் கோது பல்லில் குத்தும். பச்சை மாவு தாச்சிக்குள் விழுவதை நின்று பாருங்கள். எண்ணெயின் நிறத்தையும் பாருங்கள்; கறுத்து நுரை தள்ளினால் அடுத்த வண்டிலுக்கு நடந்துவிடுங்கள். ஒருவரும் குறை நினைக்க மாட்டார்கள்.

தமிழ் பேசும் வியாபாரிகளும் இருக்கிறார்கள். முதலில் தமிழிலேயே கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் சிங்களத்தில் ‘உணு உணு ஏவா தென்ன’ என்றால், சூடானதைத் தாருங்கள் என்று பொருள். ‘கீயத?’ என்றால் எவ்வளவு. இந்த விலைக் கேள்வியைப் பொரிக்க முதலே கேட்டுவிட வேண்டும், ஒரு வடைக்கா ஒரு பிளேட்டுக்கா என்றும் தெளிவாக்க வேண்டும். 5000 ரூபாய்த் தாளை நீட்டினால் மிச்சம் கொடுக்க அவர் திண்டாடுவார். பகலிலேயே கடையில் மாற்றிச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

வயிற்றுக் கவலை உள்ளவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கொதிக்கும் எண்ணெயிலிருந்து நேராக வரும் வடையைவிட, அதற்கு மேல் அள்ளிப் போடும் பச்சை வெங்காயம், தக்காளி, தண்ணீர் கலந்த சோஸ் ஆகியவைதான் எனக்குப் பயம். போன முறை என் மகளுக்கு இரண்டு நாள் வயிற்றோட்டம். நானும் அவளும் தின்றது ஒரே தாச்சி வடை. நான் வெங்காயம் தொடவில்லை, அவள் தொட்டாள். அதனால் இப்போது ‘வடை மட்டும் போதும்’ என்று சொல்லிவிடுகிறேன். இறால் ஒவ்வாமை உள்ள பிள்ளை இருந்தால் அந்த வண்டிலில் வெறும் பருப்பு வடையும் வாங்கிக் கொடுக்காதீர்கள். எல்லாம் ஒரே எண்ணெயில்தான் வேகும். சைவக்காரர்களுக்கும் இதே எச்சரிக்கை.

சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முன் இறாலின் தலைக்கொம்பை முறித்துவிடுங்கள், அது கூர். மற்றபடி புதிதாகப் பொரித்த இறாலின் கோது மொறுமொறுவென்று இருக்கும், உரிக்கவே தேவையில்லை. தலையைக் கடிக்கும்போது வருகிற அந்த உப்புச் சாறுதான் எனக்கு இந்த வடையின் உயிர். குடிக்க மூடி உடைக்காத போத்தல் தண்ணீர் வாங்குங்கள். மே முதல் செப்டெம்பர் வரை காற்று பலமாக அடிக்கும், கடுதாசித் தட்டைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்குக் கட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். பையின் ஆவியில் அரை மணித்தியாலத்துக்குள் மொறுமொறுப்பு போய்விடும். வயதான அம்மா, மாமி யாராவது இருந்தால் அவர்களையும் ஓட்டோவில் ஏற்றிக் கொண்டுபோங்கள். காலி வீதியில் இறங்கினால் புல்வெளியைக் கடந்து கடற்சுவர் வரை கொஞ்சம் நடக்க வேண்டும். மெதுவாக நடத்திக் கொண்டுபோய் அவர்களைச் சுவரில் இருத்திவிட்டு, வடையை நீங்கள் ஓடிப்போய்ச் சூட்டோடு வாங்கி வாருங்கள்.