விளம்பரத்தில் ஒன்று, பொட்டலத்தில் வேறொன்று: இணையத்தில் வாங்கிய பழைய உடை சொன்னபடி இல்லாதபோது

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தபோது, "அசல் காஞ்சிபுரம் பட்டு, ஒரே முறை உடுத்தியது, கறை எதுவும் இல்லை" என்று எழுதியிருந்த சேலை ஒன்றை இணையச் சந்தையில் 280 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். பொட்டலம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வந்ததும் முந்தானையை மட்டும் விரித்துப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, அலமாரி வாடை போகட்டும் என்று மறுநாளே டோபி கடையில் கொடுத்துவிட்டேன். திரும்பி வந்த பிறகுதான், கொசுவம் வரும் பகுதியில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை இருப்பதைக் கண்டேன். விற்றவரிடம் கேட்டதற்கு, "டோபி கடையில் பட்டிருக்கும்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அது உண்மையில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதை மெய்ப்பிக்க என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

இத்தகைய வழக்குகளில் பேசப்படுவது இரண்டே பொருள்கள்தாம்: விற்றவர் எழுதிய சொற்கள் ஒன்று, உங்கள் கைக்கு வந்து சேர்ந்த நிலையில் இருந்த துணி மற்றொன்று. இரண்டையும் மாறாமல் காப்பாற்றி வைத்திருப்பவருக்குப் பணம் திரும்பக் கிடைக்க வாய்ப்புண்டு. நான் சேலையைச் சலவைக்கு அனுப்பியபோது இரண்டாவதை என் கையாலேயே அழித்துவிட்டேன்.

முதல் ஒரு மணி நேரம்

பணம் கட்டிய அன்றே விளம்பரப் பக்கத்தை முழுமையாகக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். தலைப்பு, விலை, அளவுகள், எல்லாப் படங்கள், விற்பவரின் கணக்குப் பெயர், நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு அவர் தந்த பதில்கள் ஆகிய அனைத்தும் அதில் இருக்க வேண்டும். பொருள் விற்றுப்போன பிறகு விளம்பரத்தை நீக்குவதும் திருத்துவதும் விற்பவருக்கு எளிது. "கறை இல்லை" என்ற சொல் காணாமற்போன பிறகு அதைப் பற்றி வாதாடுவது வீண்.

பொட்டலத்தைப் பிரிக்கும்போது, ஒட்டியிருக்கும் அனுப்புச் சீட்டு தெளிவாகத் தெரியும்படி தொடங்கி, உறையை வெட்டி, துணியை எடுத்து, முழுவதும் விரித்துக் காட்டும்வரை இடையில் நிறுத்தாமல் ஒரே காணொளியாகப் பதிவு செய்ய வேண்டும். நிறுத்தி நிறுத்தி எடுத்த காணொளியில், இடையே துணியை மாற்றிவிட்டீர்கள் என்று விற்பவர் சொல்ல இடம் உண்டு. பிளாஸ்டிக் உறையைக் குப்பையில் போட்டுவிடக் கூடாது. அனுப்பியவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் பெரும்பாலும் அந்தச் சீட்டில்தான் இருக்கும்; பின்னால் முறையீடு செய்ய நேர்ந்தால் அந்தத் துண்டுக் காகிதமே ஆதாரமாகும்.

அதன்பின் பகல் வெளிச்சத்தில், சன்னல் அருகே, வெள்ளை விரிப்பின் மீது வைத்துப் பார்க்கவும். சட்டை, குர்த்தா, மலாய்ப் பெண்களின் பாஜு கூரோங் போன்றவற்றில் அக்குள், கழுத்துப்பட்டையின் உட்புறம், கைமடிப்பு, கீழ்விளிம்பு ஆகிய நான்கு இடங்களைப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும். சேலையில் வேறு கணக்கு. முந்தானை எப்போதும் அழகாகத்தான் இருக்கும், படத்தில் காட்டப்படுவதும் அதுதான். இடுப்பில் செருகும் பகுதி, கொசுவப் பகுதி, கரையோடு தைத்த ஃபால் துணியின் அடிப்பக்கம் ஆகியவையே உண்மையைச் சொல்லும். நெடுநாள் ஒரே மடிப்பில் கிடந்த பட்டு, மடிப்பு விழுந்த கோட்டிலேயே இற்றுப்போகும். சேலையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் அந்தக் கோட்டில் ஊசிமுனைத் துளைகள் வரிசையாகத் தெரியும். நம் ஊர் ஈரக் காற்றில் பழுப்பு நிறப் பூஞ்சணப் புள்ளிகளும் சாதாரணம். வாடையைப் படம் பிடிக்க முடியாது என்பதால், பாச்சை உருண்டை, சிகரெட், பூஞ்சணம் ஆகியவற்றில் எது வீசினாலும் அதே நாளில் விற்றவருக்கு எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். உடுத்திப் பார்க்கக் கூடாது, துவைக்கக் கூடாது, சீட்டையோ விலைப்பட்டியையோ வெட்டக் கூடாது.

எது தவறான விவரம், எது வெறும் ஏமாற்றம்

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். "10க்கு 9 நிலை", "மிக அழகு" என்பவை விற்பவரின் கருத்து. அவற்றை வைத்து வழக்காடுவது கடினம். "கறை இல்லை", "பருத்தி", "ஒரே முறை உடுத்தியது", "சேலை நீளம் 5.5 மீட்டர், ரவிக்கைத் துணியுடன்" என்பவை சரிபார்க்கக்கூடிய கூற்றுகள். முறையீட்டை இரண்டாம் வகைச் சொற்களின் மீதே கட்ட வேண்டும்.

அளவில் எழும் சண்டைகளில் பாதி, சண்டையே அல்ல. பண்டல் உடை, அதாவது மூட்டையாக வரும் பழைய உடை, விற்பவர்கள் மார்பளவை, உடையைத் தரையில் விரித்து ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்து சொல்வார்கள். அவர் 19 அங்குலம் என்று எழுதியிருந்தால் சுற்றளவு 38 என்று பொருள். நீங்களும் அதே முறையில், அளவுநாடா தெரியும்படி படம் எடுத்து ஒப்பிட வேண்டும். அரை அங்குல வேறுபாட்டை விட்டுவிடலாம். இரண்டு அங்குலம் குறைந்தால் கேட்கலாம். பட்டியில் "எம்" என்று இருப்பதை அப்படியே சொன்ன விற்பனையாளர் பொய் சொல்லவில்லை, துணி துவைத்துச் சுருங்கியிருந்தாலும் சரி. ஐந்தாம் படத்தில் கிழிசலைக் காட்டியிருந்து, நீங்கள் மூன்றாம் படத்தோடு நிறுத்தியிருந்தாலும் குறை அவருடையதன்று. முன்கூட்டியே வாங்குபவருக்குக் காட்டப்பட்ட குறையைச் சட்டமும் குறையாகக் கொள்வதில்லை. நிறம் சற்று மாறித் தெரிவதை நான் பெரும்பாலும் கைப்பேசித் திரையின் கணக்கில் எழுதிவிடுவேன்.

பட்டைப் பொறுத்தவரை ஒவ்வொரு சொல்லையும் எடைபோட வேண்டும். "காஞ்சிபுரம் ஸ்டைல்", "செமி சில்க்", "ஆர்ட் சில்க்" என்று எழுதியவர் அசல் பட்டு என்று சொல்லவே இல்லை; ஆர்ட் சில்க் என்பது செயற்கை இழை. "காஞ்சிபுரம் பட்டு" என்று நேராக எழுதியவர்தான் அதற்குக் கட்டுப்பட்டவர், ஏனெனில் அது வெறும் அடைமொழி அன்று. இந்தியாவில் 2005-06 முதல் புவிசார் குறியீடு பெற்ற பெயர். சந்தேகம் வந்தால் உடனே நூலை உருவி எரித்துப் பார்க்கச் சொல்லும் அனுபவசாலி எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். எரித்தால் பட்டு முடி கருகும் வாடை தந்து நொறுங்கும் சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும் என்பது உண்மைதான். ஆனால் நூல் உருவிய சேலையை, "சேதப்படுத்திவிட்டீர்கள்" என்று சொல்லி விற்றவர் திரும்ப வாங்க மறுக்கலாம். ஆகவே எரிக்க வேண்டாம். கரையோரத்தில் இயல்பாகவே பிரிந்து நிற்கும் சரிகை நுனியைப் பெரிதாக்கிப் படம் எடுங்கள். அசல் சரிகையின் உள்ளே பொதுவாகச் சிவப்புச் சாயமேற்றிய பட்டிழை இருக்கும். கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியாவிலோ பினாங்கு லிட்டில் இந்தியாவிலோ பல்லாண்டு சேலை விற்றவர் ஒருவர் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். அவர் தம் கடைச் சீட்டில் இரண்டு வரி எழுதித் தந்தால், அது உங்கள் சொல்லைவிட எடை மிகுந்தது.

விற்றவருக்கு எழுதுவது

செயலியின் உரையாடல் பகுதியிலேயே எழுதவும்; வாட்ஸ்அப்புக்கு மாறச் சொன்னால் மறுத்துவிடவும். செயலிக்கு வெளியே நடந்த பேச்சைத் தள ஊழியர்கள் கணக்கில் எடுக்காமல் போகலாம். விற்பவர் தமிழராக இருந்தாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதுவது நல்லது, ஏனெனில் நாளை அதைப் படித்து முடிவு சொல்பவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். பொருள் இப்படி அமையலாம்:

"வணக்கம் சிஸ். இன்று காலை 11 மணிக்குப் பொட்டலம் கிடைத்தது, நன்றி. விளம்பரத்தில் கறை எதுவும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். கொசுவப் பகுதியில் சுமார் 8 செண்டிமீட்டர் எண்ணெய்க் கறை உள்ளது. படமும் காணொளியும் இணைத்துள்ளேன். சேலையை உடுத்தவோ துவைக்கவோ இல்லை. சேலையைத் திருப்பி அனுப்பி முழுத் தொகையையும் பெற விரும்புகிறேன். நாளை மாலைக்குள் பதில் தந்தால் உதவியாக இருக்கும்."

இதில் ஏமாற்றுக்காரி என்றோ, போலீசுக்குப் போவேன் என்றோ எதுவும் இல்லை என்பதைக் கவனிக்கவும். பழைய உடை விற்பவர்களில் பலர் தம் அலமாரியைக் காலி செய்யும் குடும்பப் பெண்கள். அத்தையின் சேலையை விரித்துப் பார்க்காமலேயே படம் எடுத்துப் போட்டவரும் இருப்பார். மரியாதையாகக் கேட்டால் அவர்களில் பலர் அன்றே ஒப்புக்கொள்கிறார்கள்.

விற்பவர் பகுதித் தொகையைத் தர முன்வந்தால், குத்துமதிப்பாக ஒரு தொகையைச் சொல்லாமல், டோபி கடையிலோ தையல்காரரிடமோ சரிசெய்யும் செலவைக் கேட்டு, அந்தத் தொகையோடு மதிப்புக் குறைவையும் சேர்த்துக் கேளுங்கள். கறை போகாது என்று டோபி கடைக்காரரே சொன்னால் பகுதித் தொகைக்கு ஒப்புக்கொள்வதில் பொருளில்லை. பணத்தைத் தனியாக வங்கிக் கணக்கில் போடுகிறேன், முறையீட்டை முதலில் ரத்து செய்யுங்கள் என்று கேட்டால், செய்ய வேண்டாம்.

தளத்தின் பாதுகாப்பு

ஷோப்பி போன்ற தளங்களில் நீங்கள் பொருள் கிடைத்ததாக உறுதிசெய்யும்வரை, அல்லது குறித்த கெடு முடியும்வரை, பணம் விற்பவரின் கைக்குப் போகாமல் தளத்திடமே இருக்கும். ஆகவே முழுமையாகப் பார்த்து முடிக்கும்வரை அந்தப் பொத்தானை அழுத்தக் கூடாது. கெடு தளத்துக்குத் தளம் மாறுவதால், உங்கள் ஆர்டர் பக்கத்தில் காட்டும் தேதியையே நம்ப வேண்டும். விற்பவர் "பொறுங்கள், ஊரிலிருந்து வந்ததும் பார்க்கிறேன்" என்று நாள் கடத்தினால், உரையாடல் தொடரட்டும், முறையீட்டையும் கெடுவுக்குள் பதிந்துவிடுங்கள். காரணங்களின் பட்டியலில் "மனம் மாறியது" என்பதைத் தவறியும் தேர்ந்தெடுக்காமல், விவரத்தோடு பொருந்தவில்லை என்ற பொருளில் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்; திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பது பெரும்பாலும் இதைப் பொறுத்தே முடிவாகும். திருப்பி அனுப்பும்போதும் மடிப்பது முதல் ஒட்டுவது வரை காணொளி எடுத்து, கண்காணிப்பு எண் தரும் சேவையிலேயே அனுப்பவும்.

பேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் ஒருவரோடு ஒருவர் நேரில் சந்தித்துக் கைமாற்றும்போது இப்படிப் பணத்தைப் பிடித்துவைக்க யாரும் இல்லை. சிஓடி என்று நாம் சொல்லும் அந்தச் சந்திப்பை எல்ஆர்டி ரயில் நிலைய வாசலில் அவசரமாக முடிக்காமல், வெளிச்சமுள்ள உணவகத்தில் வைத்துக்கொண்டு, விரித்துப் பார்த்த பிறகே பணம் தர வேண்டும். பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் பழைய துணி வாங்குபவர்கள் இதைச் சொல்லிக்கொடுக்காமலேயே செய்கிறார்கள்.

அதற்கும் மசியாவிட்டால்

விற்பவர் வணிகமாக விற்பவரா, சொந்த உடையை விற்கும் தனிநபரா என்பதை இப்போது பிரித்துப் பார்க்க வேண்டும். நூற்றுக்கணக்கான பண்டல் உடைகளைத் தொடர்ந்து விற்பவர் வணிகர் என்று வாதிடலாம். அவருக்கு மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். அதன் 34ஆம் பிரிவின்படி, விவரித்து விற்கப்படும் பொருள் அந்த விவரத்தோடு ஒத்திருக்க வேண்டும். "பணம் திருப்பித் தரப்பட மாட்டாது" என்று விளம்பரத்தின் கீழே எழுதிவைப்பதால் அந்த உரிமை போய்விடாது. உள்நாட்டு வாணிபம், வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் புகார் செய்யலாம். பணம் திரும்ப வேண்டுமானால் செல்ல வேண்டிய இடம் பயனீட்டாளர் தீர்ப்பாயம், அதாவது நம்மவர்கள் திரிபுனல் என்று சொல்வது. அங்கே 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறார்கள், மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்குக்கான காரணம் எழுந்ததிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும், வழக்கறிஞர் வைத்துக்கொள்ளப் பொதுவாக அனுமதி இல்லை. எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் வேண்டும். நீங்கள் எறியாமல் வைத்த அனுப்புச் சீட்டு இங்கே உதவும்.

தனிநபர் விற்றிருந்தால் தீர்ப்பாயத்தின் கதவு பெரும்பாலும் திறக்காது. ஆனால் 1957ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு விவரத்தின்படி பொருள் இருக்க வேண்டும் என்பதைத் தனிநபருக்கும் விதிக்கிறது. 5,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை முறையில் வழக்கறிஞர் இன்றி வழக்குத் தொடரலாம். 60 ரிங்கிட் குர்த்தாவுக்காக நான் அங்கே போகமாட்டேன். 900 ரிங்கிட் திருமணச் சேலைக்குப் போவேன். எந்த வழி என்று தெளிவில்லாதவர்கள் ஜோர்ஜ்டவுன் மஸ்ஜிட் நெகிரி சாலையில் உள்ள பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம்.

பணத்தை வங்கிக் கணக்கில் வாங்கிக்கொண்டு பொருளே அனுப்பாமல் மறைந்தவர் விவகாரம் வேறு, அது மோசடி. உடனே தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 என்ற எண்ணை அழைத்து, போலீசில் புகார் செய்ய வேண்டும். அடுத்த முறை யாருக்கும் நேரடியாகப் பணம் போடும் முன், போலீசாரின் செமாக் மியூல் தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைத் தேடிப் பார்க்கவும்.

விசாரணை நாளில் படங்களை அச்சிட்டு, ஒவ்வொன்றின் கீழும் விளம்பரத்தின் எந்தச் சொல்லோடு அது முரண்படுகிறது என்று ஒரு வரி எழுதி, மூன்று படிகள் கொண்டுசெல்லவும். சேலையையும் கொண்டுசெல்லவும், வந்த மடிப்பிலேயே, வெள்ளைத் துணியில் சுற்றி, பழைய உறையோடு.