கடற்காற்று வீசும் பகுதியில் பீச் (beech) மரப் பலகையைப் பக்குவப்படுத்தும் முறை

தண்டையார்பேட்டை, ராயபுரம், காசிமேடு வட்டாரத்தில் பீச் மரத்தால் கதவோ மேசையோ செய்ய எண்ணுபவர்கள், தேக்கைக் கையாண்ட பழக்கத்தை அப்படியே இதற்கும் பின்பற்றக் கூடாது. ஐரோப்பியக் காடுகளில் வளரும் இம்மரம் நெருக்கமான இழையுடையது. நீராவியில் வேகவைத்தால் வில்லாக வளைவது. 1859இல் தோனெட் நிறுவனம் வெளியிட்டு உலகெங்கும் விற்ற வளைவு நாற்காலி இம்மரத்தாலானதே. ஆனால் ஈரம் ஏறினால் தேக்கைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும். என் அடுக்களை அலமாரிக்குக் கோடையில் விளிம்பு ஒட்ட இழைத்துப் பொருத்திய பீச் கதவு, ஐப்பசி மழையில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டு திறக்கவே வரவில்லை.

வாங்கும்போது பலகையை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பென்சில் முனையால் இழுத்தாற்போல் சிறுசிறு பழுப்புக் கீற்றுகள் நெடுகத் தெரிந்தால் அது பீச். ரப்பர் மரமும் இதே வெளிறிய நிறந்தான். எனினும் அதில் நுண்துளைகள் நீண்ட கோடுகளாகக் கண்ணில் படும்.

வாங்கி வந்த அன்றே அறுக்காதீர்கள். பொருள் எந்த அறையில் இருக்கப்போகிறதோ அதே அறையில், தரைமேல் ரீப்பர் கட்டைகளை வைத்து, பலகைகளுக்கு இடையிலும் கட்டை கொடுத்து, எல்லாப் பக்கமும் காற்றுப் படும்படி அடுக்குங்கள். ஈரமானி இல்லாவிட்டால் கவலையில்லை: ஒரு பலகையில் அடையாளமிட்டு வாரம் ஒருமுறை தராசில் நிறுத்து எழுதி வாருங்கள், அடுத்தடுத்த வாரங்களில் எடை மாறாமல் நின்றால்தான் மரம் நம் காற்றுக்குப் பழகிவிட்டது என்று பொருள். இதில் அவசரப்பட்டால் பின்னால் எவ்வளவு நேர்த்தியாக இழைத்தும் பயனில்லை.

மரத்தின் ஈரப்பதம் 1 சதவீதம் கூடினால் 300 மில்லிமீட்டர் அகலப் பலகை 1 மில்லிமீட்டருக்குச் சற்று மேலாகவே விரியும். ஆகவே கோடையில் செய்யும் கதவின் நடுப்பலகையைச் சட்டத்தின் காடிக்குள் (பள்ளத்துக்குள்) இடைவெளி விட்டு, பசையின்றிச் செருகுங்கள். மேசைப் பலகைக்கு அடியில் திருகாணித் துளையை நீள்வட்டமாக வையுங்கள். ரம்பம் மழுங்கியிருந்தால் வெட்டுமுகம் கருகும். வார்னிஷை இரு முகங்களிலும் ஒரே அளவு பூச வேண்டும். ஒரு முகத்தை வெறுமையாக விட்டால் பலகை வளையும்.

மொட்டைமாடிக்கும் குளியலறைக்கும் இம்மரம் ஆகாது; ஈரத்தில் விரைவில் உளுத்துவிடும். கரையான் ஏறும் சுவரையொட்டியும் வைக்க வேண்டாம்.