வியர்வை காய்ந்த பிறகு செய்யும் தவறுகள்

சென்னையில் நாங்கள் ஷட்டில் ஆடும் அரங்கில் ஃபேன் போட மாட்டார்கள். காற்று பட்டால் பந்து திசை மாறிப் போகும். மேலே தகரக் கூரை, சுற்றிலும் கடலோர ஊரின் புழுக்கம். காலை ஆறு மணிக்கு இறங்கினால் இரண்டாவது கேம் முடிவதற்குள் பனியனைப் பிழியலாம். எங்கள் குழுவில் ஒரு நண்பர் இப்படி ஆடிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு காபியோடு அலுவலகம் போய்விடுவார். பத்து மணிக்குத் தலை விண்ணென்று தெறிக்கும், ஒரு மாத்திரை போட்டுக்கொள்வார். தூக்கம் பத்தவில்லை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

சித்திரை மாதக் காலை ஒன்றில் நான் வீட்டு எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு போனேன். ஆடுவதற்கு முன் என் எடை 74.2 கிலோ. ஒன்றேகால் மணி நேரம் ஆடி, துண்டால் துடைத்துக்கொண்டு ஏறி நின்றபோது 72.9. இடையில் 600 மில்லி தண்ணீர் குடித்திருந்தேன். அதையும் சேர்த்தால் உடம்பிலிருந்து போனது 1.9 லிட்டர் வியர்வை. நண்பருக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான் வந்தது. அவ்வளவையும் இழந்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரோடு வண்டியைக் கிளப்பினால் தலை வலிக்காமல் என்ன செய்யும்?

முதல் தவறு இங்கேதான். எவ்வளவு போனது என்று பார்க்காமலே, எதைச் சாப்பிடலாம் என்று கேட்கிறோம். குறைந்த எடை ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை குடிக்க வேண்டும் என்பது விளையாட்டு மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. போனதைவிடக் கூடுதலாக ஏன் என்றால், குடிப்பதில் ஒரு பகுதி சிறுநீராகப் போய்விடும். என் கணக்கில் அது 1.6 முதல் 2 லிட்டர் வரை. இதை ஒரே மூச்சில் குடிக்கக் கூடாது. ஒரு லிட்டரை மடமடவென்று இறக்கினால் அதில் நல்ல பகுதி சீக்கிரமே கழிவறைக்குப் போய்விடும். அடுத்த இரண்டு, மூன்று மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பதுதான் உள்ளே தங்கும்.

எடை மெஷின் இல்லாதவர்கள் சிறுநீரின் நிறத்தைப் பார்க்கலாம். வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. அடர் மஞ்சளாக இருந்தால் இன்னும் குடிக்க வேண்டும். பழுப்பாக, டீ டிகாஷன் நிறத்தில் போனால் மட்டும் வீட்டில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள். பழக்கமில்லாத கடும் பயிற்சியில் தசை சிதைந்து அதன் புரதம் சிறுநீரகத்தை அடைக்கும்போது அப்படிப் போகும். ஜிம்மில் சேர்ந்த முதல் வாரத்தில் வெறியோடு தண்டால், பஸ்கி எடுக்கும் இளைஞர்களுக்கு இது நடக்கிறது. அதனால்தான் நண்பரின் மாத்திரைப் பழக்கம் எனக்குக் கவலையாக இருந்தது. உடம்பில் நீர் வற்றியிருக்கும் நேரத்தில் டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். உடம்பு வலிக்கிறது என்று ஆடி முடித்த கையோடு அதை விழுங்காதீர்கள்.

தண்ணீர் சரி, உப்பு? வியர்வையின் உப்பு ஆளுக்கு ஆள் மாறும். ஒரு லிட்டரில் அரை கிராமிலிருந்து ஒன்றரை கிராம் வரை சோடியம் இருக்கலாம். கறுப்பு டீஷர்ட் காய்ந்த பிறகு முதுகில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுகிறதா? உங்களுக்கு உப்பு அதிகம் போகிறது. ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் என்று வைத்துக்கொண்டாலே, அன்று காலை நான் இழந்தது கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன் உப்பு. இதைத் திருப்பித் தராமல் வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். 2002 பாஸ்டன் மராத்தானில் ஓடியவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் இயல்புக்குக் கீழே இருந்தது. ஓடும்போதே எடை கூடியவர்கள், அதாவது இழந்ததைவிட அதிகம் குடித்தவர்கள்தான் அதில் பெரும்பாலும் சிக்கியிருந்தார்கள். மெதுவாக ஓடி, ஒவ்வொரு பந்தலிலும் நின்று குடித்தவர்களுக்கு ஆபத்து அதிகம். நம் ஊரிலும் மராத்தான் பெருகிவிட்டதால் இதைச் சொல்கிறேன். குமட்டல், தலைவலி, குழப்பமான பேச்சு இருந்தால் இன்னும் தண்ணீர் கொடுக்காதீர்கள், மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

உப்பைத் திருப்பித் தர எனக்குப் பிடித்த வழி நீர்மோர். அரை லிட்டர் மோருக்குக் கால் டீஸ்பூன் உப்பு போட்டால் ஏறக்குறைய வியர்வையின் செறிவே வந்துவிடும். கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப் போடுவது வாய்க்கு ருசி, அவ்வளவுதான். நீராகாரத்தில் உப்புப் போட்டுக் குடித்தாலும் இதே வேலை நடக்கும், கொஞ்சம் மாவுச்சத்தும் கூடவே சேரும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்களும் இருபது நிமிடம் நடந்து லேசாக வியர்த்தவர்களும் தனியாக உப்புச் சேர்க்கத் தேவையில்லை. அவர்களுக்குச் சாம்பாரில் இருப்பதே போதும்.

இளநீரைப் பற்றி நிறையப் பேர் தவறாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். நல்ல பானம், சந்தேகமே இல்லை. ஆனால் அதில் நிறைந்திருப்பது பொட்டாசியம். வியர்வையில் அதிகம் போவதோ சோடியம். இளநீரில் அது குறைவு. ஆகவே வியர்த்துக் கொட்டிய நாளில் இரண்டு இளநீர் குடித்தேன், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க முடியாது. கூடவே உப்புள்ள ஏதாவது வேண்டும். இளநீரோடு ஒரு கிண்ணம் சுண்டல் எனக்குச் சரியாக இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இளநீரைத் தொடவே கூடாது. தேங்கும் பொட்டாசியம் இதயத் துடிப்பையே குலைத்துவிடும்.

கடைப் பானங்களிலும் அளவு பார்க்காத அதே பிழைதான். விளையாட்டு பானம் என்ற வகை 1965ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் பிறந்தது. புழுக்கத்தில் கனமான கவசத்தோடு மணிக்கணக்கில் அமெரிக்கக் கால்பந்து ஆடி, கிலோ கணக்கில் எடை இழந்த மாணவர்களுக்காக மருத்துவர் ராபர்ட் கேடும் குழுவினரும் உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுத்தார்கள். அந்த உழைப்புக்கு அது சரி. அரை மணி நேரம் டிரெட்மில்லில் நடந்துவிட்டு அதே பாட்டிலை உடைப்பது சர்க்கரைத் தண்ணீர் குடிப்பதுதான். இன்னொன்றையும் கவனியுங்கள். மருந்துக் கடையில் அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்பு பானம் எல்லாம், வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு சர்க்கரைக் கரைசலான ஓஆர்எஸ் ஆகிவிடாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட் இருக்க வேண்டும். இதற்குப் பொருந்தாத பானங்களில் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவே போட்டது. பெயரைப் பார்க்காமல் பின்பக்கம் இருக்கும் அளவைப் படியுங்கள்.

இனி சாப்பாடு. ஜிம்மில் ஒரு தம்பி தினமும் ஆறு முட்டையை எவர்சில்வர் டம்ளரில் உடைத்து ஊற்றி அப்படியே குடிப்பான். "பச்சையா குடிச்சாதாண்ணா சத்து முழுசா ஏறும்" என்பான். அவனுக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர்களும் அப்படித்தான் நம்பினார்கள். உண்மை நேர் எதிரானது. 1998ல் பெல்ஜியத்தில் நடந்த ஆய்வில், வேகவைத்த முட்டையின் புரதம் 91 சதவீதம் செரித்தது, பச்சை முட்டையில் 51 சதவீதம்தான். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் என்றால், பச்சையாக ஆறு குடித்தால் கிடைப்பது அவித்த மூன்றரை முட்டைக்கும் சற்றுக் குறைவான பலன். போதாததற்கு, பச்சை வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்ற பொருள் பயோட்டின் வைட்டமினைக் கட்டிப்போட்டுவிடும். ஓட்டில் ஒட்டியிருக்கும் அழுக்கிலிருந்து சால்மோனெல்லா கிருமி வரும் அபாயம் தனி. நான் இந்தக் கணக்கை அவனிடம் தாளில் போட்டுக் காட்டினேன். மறுவாரம் அவித்த முட்டை டப்பாவோடு வந்தான், மிளகுத்தூள் வேறு தூவி.

எவ்வளவு புரதம் வேண்டும்? ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.3 கிராம் என்று வைத்துக்கொண்டால், 70 கிலோ ஆளுக்கு 21 கிராம். நான்கு இட்லியும் ஒரு கிண்ணம் சாம்பாரும் சுமார் 12 கிராம் தரும். இரண்டு முட்டை சேர்த்தால் 24. முடிந்தது. முட்டை சாப்பிடாதவர்கள் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலும் ஒரு டம்ளர் பாலும் சேர்த்தால் அதே இடத்துக்கு வந்துவிடலாம். நாம் பெரும்பாலும் தவறுவது முழுநாள் கணக்கில். காலையில் இட்லி, மதியம் சாம்பார் சாதம், ராத்திரி தோசை என்று ஓட்டிவிட்டு, ஜிம் முடிந்த அந்த ஒரு வேளையில் மட்டும் புரதத்தைக் கொட்டுகிறோம். எடை தூக்கிப் பயிற்சி செய்பவருக்கு நாளைக்குக் கிலோவுக்கு 1.4 கிராமுக்குக் குறையாமல் வேண்டும், அதை மூன்று நான்கு வேளையாகப் பிரித்தால்தான் தசைக்குப் பயன்.

புரதப் பவுடர் விஷம் என்று சொல்லமாட்டேன். அதில் பெரும்பாலும் இருக்கும் வே (whey) என்பது பால் திரியும்போது பிரியும் நீரிலிருந்து எடுக்கும் புரதம்தான். ஆனால் 2024ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள், உடம்பை ஏற்றப் புரதப் பவுடரைத் தவிர்க்கவே சொல்கின்றன. சம்பளத்தில் பெரும்பகுதியை டப்பாவுக்குக் கொடுத்துவிட்டு மதியச் சாப்பாட்டைக் குறைக்கும் பையன்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது.

அந்தப் பவுடரை அவசர அவசரமாகக் கலக்க வைப்பது அரைமணி நேர விதி. முப்பது நிமிடத்துக்குள் புரதம் போகாவிட்டால் உழைப்பு வீண் என்று ஒரு பயம். 2013ல் பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, மொத்தப் புரதம் சரியாக இருந்தால் அந்த அவசரத்தால் தனிப் பலன் தெரியவில்லை. பயிற்சிக்கு இரண்டு மணி முன் சாப்பிட்டிருந்தால் பதற வேண்டியதே இல்லை. வெறும் வயிற்றோடு பயிற்சி செய்தவர், காலையும் மாலையும் களம் இறங்கும் கபடி வீரர், இவர்கள் தள்ளிப்போடக் கூடாது. மாலைப் போட்டி இருந்தால் காலை ஆட்டம் முடிந்தவுடனே சோறு, வாழைப்பழம், கடலைமிட்டாய் என்று மாவுச்சத்து உள்ளே போயாக வேண்டும். தசையில் சேமித்து வைத்திருந்து ஆட்டத்தில் செலவான கிளைகோஜன் என்ற மாவுச்சத்து மறுபடி நிரம்ப நேரம் பிடிக்கும். சோற்றை எதிரியாகப் பார்க்கும் பழக்கம் இவர்களைத்தான் முதலில் தள்ளாட வைக்கும்.

இன்னொரு பக்கம், முக்கால் மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவது சுமார் 200 கலோரி. நடைப்பயிற்சி முடிந்த கையோடு நெய்ப் பொங்கலும் வடையும் காபியும் என்றால் 500ஐத் தாண்டிவிடும். நடப்பவர்களுக்குத் தனி மீட்பு உணவு எதுவும் தேவையில்லை. வழக்கமான காலை உணவே போதும்.

பெண்களுக்கு நடப்பது வேறு. விடிகாலையில் நடந்துவிட்டோ யோகா வகுப்பு முடித்தோ வந்து, ஒரு டீயோடு அடுப்படிக்குள் நுழைந்துவிடுகிறார்கள். எல்லோருக்கும் கட்டிக் கொடுத்துவிட்டுத் தட்டு எடுக்கும்போது பத்தரை. அப்போதும் இன்னொரு டீ. டீயில் இருக்கும் டானின், சாப்பாட்டிலிருந்து இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம். உள்ளே நுழைந்ததும் அந்த டீக்குப் பதில் ஒரு டம்ளர் பாலும் ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையும் சாப்பிட்டுவிட்டு அடுப்பைப் பற்ற வைக்கலாம். களைப்பாக இருக்கிறது என்று அம்மா சொன்னால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள், ஹீமோகுளோபினைப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை டர்ஃப் ஆடிவிட்டு பீரோடு முடிப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2014ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வில், பயிற்சிக்குப் பின் நிறைய மது குடித்தவர்களுக்குத் தசைப் புரத உற்பத்தி 24 சதவீதம் குறைந்தது. அதுவும் புரதம் சேர்த்துக் கொடுத்த பிறகு.

எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர், வயது அறுபத்திரண்டு, இன்சுலின் போடுகிறார். அவர் மாலையில் ஆடினால் சர்க்கரை நடுராத்திரியில் இறங்கலாம், ஆடி முடித்த பல மணி நேரம் கழித்துக்கூட. கிளிமிபிரைடு வகை மாத்திரை எடுப்பவர்களுக்கும் இதே அபாயம் உண்டு. ஒருநாள் இரவு அவருக்கு வியர்த்துக் கொட்டி, அவர் மனைவிதான் சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் கொடுத்துக் காப்பாற்றினார். இப்போது ஆடுவதற்கு முன்னும் படுக்கப் போகும் முன்னும் சர்க்கரையைப் பார்த்துக்கொள்கிறார். ராக்கெட் பைக்குள் குளுக்கோஸ் பாக்கெட் ஒன்று எப்போதும் இருக்கும். எங்களில் யாருக்கு வேண்டுமானாலும் அது எந்த ஜிப்பில் இருக்கிறது என்று தெரியும். அந்தத் தலைவலி நண்பரும் இப்போது ஒரு லிட்டர் ஃபிளாஸ்க்கில் மோர் கொண்டுவருகிறார். பாதியை இந்தப் பெரியவருக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் அவர் குடிப்பார்.