ஓடும் காரில் எலெக்ட்ரிக் பார்க்கிங் பிரேக்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஹேண்ட் பிரேக்கை ஓட்டத்தில் வெடுக்கென்று இழுத்தால் பின் சக்கரங்கள் மட்டும் பூட்டிக்கொண்டு, வண்டியின் பின்பக்கம் சுழன்றுவிடும். அந்தப் பயத்தோடே, லீவருக்குப் பதில் சுவிட்சால் இயங்கும் எலெக்ட்ரிக் பார்க்கிங் பிரேக்கையும் பார்த்து, பிரேக் பெடல் கைவிட்ட நேரத்திலும் அதைத் தொடாமலிருப்பது முதல் தவறு.

இங்கே கையிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி இல்லை. சுவிட்ச் கேட்கும், கம்ப்யூட்டர் முடிவெடுக்கும். வண்டி ஓடிக்கொண்டிருந்தால் பெரும்பாலான கார்களில் அந்தக் கட்டளை பின் காலிப்பர் (பேடுகளால் பிரேக் தட்டை இறுக்கும் பாகம்) மோட்டாருக்குப் போகாமல், வண்டி சறுக்காமல் காக்கும் இ.எஸ்.சி. அமைப்பின் பம்புக்குப் போகிறது. பம்ப் பிரேக் ஆயிலில் அழுத்தம் ஏற்றி நான்கு சக்கரங்களையும் பிடிக்கும். சக்கரப் பூட்டைத் தடுக்கும் ஏ.பி.எஸ். கூடவே வேலை செய்வதால் சக்கரம் பூட்டாது. எச்சரிக்கை ஒலி கேட்கும். வண்டி நின்ற பிறகுதான் மோட்டார்கள் பின் பேடுகளை இறுக்கும்.

தட்டிவிட்டுக் கையை எடுப்பதுதான் பலரும் செய்வது. நின்ற வண்டிக்கு ஒரு தட்டு போதும். ஓடும் வண்டிக்குப் போதாது. சுவிட்சை இழுத்துப் பிடித்தபடியே இருக்க வேண்டும், விட்ட கணத்தில் பிரேக்கும் விட்டுவிடும். எந்தப் பக்கம் என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்: பல கார்களில் மேலே இழுக்க வேண்டும், மெர்சிடிஸில் உள்ளே அழுத்த வேண்டும். பதற்றத்தில் கை பழைய பழக்கத்துக்குத்தான் போகும்.

அந்த நேரத்தில் கால் ஆக்ஸிலரேட்டரில் இருந்தால்? ஃபோக்ஸ்வேகன் போன்ற சில கார்களில் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் இந்த அவசர பிரேக் ரத்தாகிவிடும். தரை மேட் சிக்கி ஆக்ஸிலரேட்டர் பெடல் மாட்டிக்கொண்டாலும் இதே கதைதான். அப்போது பிரேக் பெடலை முழுதாக மிதித்து கியரை நியூட்ரலுக்கு மாற்றுவதுதான் முதல் வேலை. ஓட்டத்தில் எஞ்சினை அணைக்காதீர்கள்: ஸ்டீயரிங் கனத்துவிடும், சில மிதிகளுக்குப் பின், மிதிக்கும் பலத்தைக் கூட்டித்தரும் பிரேக் பூஸ்டரின் உதவியும் தீர்ந்துவிடும்.

எப்போதும் இது முழு பலத்தோடு பிடிக்கும் என்று நம்புவதும் தவறு. இ.எஸ்.சி.யே பழுதானால் பின் மோட்டார்கள் மட்டும்தான் மிச்சம். கணக்குப் போட்டால் வித்தியாசம் தெரியும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில், ஒவ்வொரு விநாடியும் வேகம் விநாடிக்கு 6 மீட்டர் வீதம் குறைந்தால் சுமார் 23 மீட்டரில் நிற்கலாம். 1.5 மீட்டர் வீதம்தான் குறைகிறதென்றால் 93 மீட்டர் ஓடும். டேஷ்போர்டில் இ.எஸ்.சி. விளக்கு எரிந்தபடியே வண்டி ஓட்டுபவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

சோதித்துப் பார்க்க ஆசையா? காலி மைதானத்தில், பின்னால் வண்டி இல்லாதபோது, 20 கி.மீ. வேகத்தில் ஒருமுறை போதும். மலைப்பாதை இறக்கத்தில் பெடலுக்குப் பதிலாக இதைப் பிடித்துக்கொண்டே வருவதற்கு இது உகந்ததல்ல. அங்கே கீழ் கியர்தான்.

பின் பேடு மாற்றும்போது ஸ்கேன் கருவியிலோ காரின் மெனுவிலோ சர்வீஸ் மோடு போட்டு மோட்டாரைப் பின்வாங்கச் செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் கிளாம்ப் வைத்து, பேடைத் தள்ளும் பிஸ்டனை நெருக்கினால் உள்ளே இருக்கும் திருகுத் தண்டு கெடும், காலிப்பரையே மாற்ற நேரிடும்.