கயோட்டிக்கு ட்ராப் வைக்கப் போறீங்களா, முதல்ல அந்த ட்ராப் அசையுதான்னு அமுக்கிப் பாருங்க

கயோட்டிங்கறது ஆட்டைத் தூக்கற, நரி மாதிரி ஒரு காட்டு விலங்கு. இது அமெரிக்காவுல, கான்சாஸ் மாதிரி இடத்துல சொந்த நிலத்துல ஆடு வளர்க்கறவங்களுக்காக எழுதறது. நம்மூர்ல நரி தொல்லைன்னு யாரும் இதைப் பாத்து கெளம்பிடாதீங்க, அங்க 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் இருக்கு, பொறி வச்சா கேஸ்தான். இங்கயும் எல்லா ஸ்டேட்லயும் நடக்காது, கொலராடோ 1996லயும் கலிபோர்னியா 1998லயும் ஓட்டெடுப்பு வச்சு கால் பிடிக்கிற இரும்பு ட்ராப்பை பெரும்பாலும் தடை பண்ணிட்டாங்க. கான்சாஸ்ல ஓகே, ஆனா லைசென்ஸ், ட்ராப்ல மாட்ட வேண்டிய டேக், இதெல்லாம் ஸ்டேட் வைல்ட்லைஃப் ஆபீஸ்ல கேட்டுட்டு ஆரம்பிங்க.

அப்புறம் ஆட்டைக் கொன்னது கயோட்டிதானான்னு பாருங்க. கயோட்டி பெரும்பாலும் தொண்டையைத்தான் பிடிக்கும், தோலை உரிச்சுப் பாத்தா தாடைக்குக் கீழ பல்லு பதிஞ்ச ஓட்டையும் ரத்தம் கட்டினதும் தெரியும். காது, பின்னங்கால், விலான்னு கண்ட இடத்துலயும் குதறியிருந்தா யாரோ வீட்டு நாய்தான். காவல் நாய், கரண்ட் வேலி ரெண்டும் வச்சுப் பாத்துட்டு அப்புறமா ட்ராப்புக்கு வாங்க. ஏன்னா ஒரு ஏரியாவுல கயோட்டியைக் கண்டமேனிக்குக் கொன்னா மிச்சம் இருக்கறது அதிகமா குட்டி போடும், காலி இடத்துக்குப் புதுசு ஒண்ணு வந்துடும், அதனால ஆடு தூக்கிப் பழகினது எதுவோ அதைப் பிடிக்கறதுதான் கணக்கு.

ட்ராப்ல சுருள் ஸ்பிரிங் வச்சது வாங்குங்க, தாடை விரிஞ்சா அஞ்சரையிலேர்ந்து ஆறு இஞ்ச் இருந்தா சரியா இருக்கும். எலிப்பொறி மாதிரி பல்லு வச்சதெல்லாம் வேண்டாம். மூடினாலும் ரெண்டு தாடைக்கும் நடுவுல கால் இஞ்ச் இடைவெளி விடற மாதிரி, விளிம்பு தடிமனா இருக்கறது கிடைக்கும், அதுல காலு அறுபடாது. செயின் அடித்தட்டோட நடுவுலேர்ந்து வரணும், ரெண்டு மூணு இடத்துல சுழலணும், இல்லேன்னா அது சுத்தற சுத்துல காலு முறுக்கிக்கும். புது ட்ராப்ல ஃபேக்டரி எண்ணெய் இருக்கும், கொதிக்கற தண்ணியில போட்டு எடுத்து, லேசா துரு ஏறவிட்டு, சாயம் போட்டு மெழுகுல முக்கிடுங்க.

இடம்தான் அடுத்தது. ரெண்டு தடம் சேர்ற முக்கு, வேலிக்கு அடியில பூந்து போற இடம், வண்டிப்பாதை ஓரம், அங்கதான் எச்சமும் காலடியும் கிடக்கும். ஆடு மேயற பட்டிக்குள்ள வைக்காதீங்க, வேலிக்கு வெளிய வைங்க, உங்க காவல் நாயை அந்தப் பக்கம் விடாம அடைச்சு வைங்க. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்து, நீங்க இரை வைக்கற பொந்தோட வாசனை தடத்து மேல போற மாதிரி வைக்கணும். செத்த ஆட்டைப் போட்டு அது பக்கத்துலயே ட்ராப் வைக்கறது மட்டும் வேண்டாம், மேல பறக்கற கழுகு வந்து மாட்டும், அது பெரிய வில்லங்கம்.

இப்ப முக்கியமான மேட்டர். நான் முதல்ல பண்ணினப்போ கயோட்டியை இழுக்கற வாசனை மருந்துக்குத்தான் காசைக் கொட்டினேன், மூணாவது நாள் போனா ட்ராப்பை அழகா தோண்டி வெளிய எடுத்துப் போட்டுட்டு பக்கத்துலயே கக்கா போயிருக்கு, எனக்கு சிரிப்பும் வந்துச்சு எரிச்சலும் வந்துச்சு. பக்கத்துப் பண்ணைத் தாத்தா வந்து பாத்தாரு, நான் திரும்ப வச்ச ட்ராப்போட ஒரு ஓரத்துல கட்டைவிரலை வச்சு அமுக்கினாரு, எதிர்ப்பக்கம் ஒரு நூல் தூக்குச்சு. "ஆடுதா? இதான் உன் பிரச்சனை, வாசனை இல்ல"ன்னுட்டு போயிட்டாரு. கயோட்டி காலை வைக்கறப்போ கீழ ஏதோ அசையுதுன்னா உடனே எடுத்துக்கும், அப்புறம் மிதிக்காது, தோண்டும்.

அதனால குழி ட்ராப் அளவுக்கு ஒரு இஞ்ச் கூடுதலா, ரெண்டு மூணு இஞ்ச் ஆழத்துல வெட்டுங்க. முதல்ல நடுவுல முளை அடிங்க, அரை இஞ்ச் ரீபார் கம்பி 24 இஞ்ச் நீளம் போதும், மணல்னா ரெண்டு கம்பியை எக்ஸ் மாதிரி சாய்ச்சு அடிக்கணும். செயினை உள்ள சுருட்டி மண்ணால மூடி, அது மேல ட்ராப்பை வச்சு முறுக்கி உட்கார வைங்க. அப்புறம் வெளிப்பக்கம் சுத்தி மண்ணைப் போட்டு விரலாலயே குத்திக் குத்தி இறுக்குங்க. நாலு மூலையிலயும் அமுக்கிப் பாருங்க, கொஞ்சம் ஆடினாலும் எடுத்துட்டுத் திரும்ப வைங்க, நான் சில நாள் நாலு தடவை எடுத்திருக்கேன். கயோட்டி மிதிக்கற நடுத்தட்டுக்கு அடியில மண்ணு போகாம ஒரு வலைத்துண்டு போட்டு மூடி, மேல காஞ்ச மண்ணை சல்லடையில சலிச்சுக் கால் இஞ்ச் போடுங்க, ஒரு சின்னக் கல்லு தாடை நடுவுல மாட்டினா போச்சு. தட்டு 3 பவுண்டு அழுத்தத்துக்கு விழற மாதிரி திருகை டைட் பண்ணிட்டா முயல், அணில் மிதிச்சா விழாது. இந்த வேலை பூரா கையுறை போட்டு, ஒரு சாக்கு மேல முட்டி போட்டுதான்.

ட்ராப்புக்கு முன்னாடி 8 இஞ்ச் தள்ளி ஒரு சாய்வான பொந்து, மூணு இஞ்ச் அகலம், ஏழெட்டு இஞ்ச் ஆழம், பின்னாடி ஒரு புல்லுக் குத்து இருந்தா நல்லது, அந்தப் பக்கமா வந்து எட்டிப் பாக்காது. பொந்துல துளி இரை, மேல கொஞ்சம் புல்லு, அவ்ளோதான். ட்ராப்பை பொந்துக்கு நேரா வைக்காம ரெண்டு இஞ்ச் ஒரு பக்கமா தள்ளி வைங்க, ஏன்னா மூக்கு நடுவுல இருந்தா காலு ரெண்டும் பக்கத்துலதான இருக்கும்.

தினமும் விடிகாலையில போய்ப் பாக்கணும், கான்சாஸ்ல சட்டமே நாளைக்கு ஒரு தடவைதான். முடியாதுன்னா ட்ராப்பை எடுத்துடுங்க, ஒரு ஜீவனை அப்படியே போட்டு வைக்கக்கூடாது. மாட்டியிருந்தா இழுத்தடிக்காம .22 துப்பாக்கியால தலையில ஒரே குண்டு. நாய் மாட்டினா அது தலை மேல ஜாக்கெட்டைப் போட்டு, ரெண்டு பக்க லீவரையும் ரெண்டு காலால மிதிங்க, தாடை தளரும், பெரும்பாலும் நொண்டிக்கிட்டு ஓடிடும். இதை வீட்டுல வெறும் ட்ராப்ல நாலு தடவை பழகிட்டு வாங்க, பயத்துல அங்க போய் கை ஓடாது.

குளிர்ல மண்ணு உறைஞ்சா தட்டு விழாது, அப்போ ஈர மண்ணுக்குப் பதிலா மெழுகு கலந்த மண்ணை மூட்டையா வச்சுக்கணும், வெயில் காலத்துலயே செஞ்சு வச்சா ஈஸி.

ஒண்ணு மாட்டினதும் அந்த இடத்தைக் கைவிடாதீங்க, அது சுத்திச் சுத்தி உழுது போட்ட வட்டத்துல அதோட வாசனை கொட்டிக் கிடக்கும், அடுத்தது மோந்து பாக்க அங்கதான் வரும். மண்ணு லூஸா இருக்கும்ங்கறதால நான் அந்த வட்டத்தோட ஓரத்துல, தொடாத கெட்டி மண்ணுல புதுசா குழி வெட்டி வைப்பேன்.