ஆஸ்திரேலியாவில் பிள்ளையைக் கிண்டரில் சேர்ப்பது: மாநிலத்துக்கு மாநிலம் என்ன மாறுகிறது?

மெல்போர்னில் (விக்டோரியா) 'கிண்டர்' என்றால் பள்ளிக்கு முந்தைய வகுப்பு. சிட்னியில் (நியூ சவுத் வேல்ஸ்) 'கிண்டர்கார்டன்' என்றால் பள்ளியின் முதல் ஆண்டே அதுதான். அதற்கு முந்தையது 'ப்ரீஸ்கூல்'. பிரிஸ்பேனிலும் (குயின்ஸ்லாந்து) பெர்த்திலும் (மேற்கு ஆஸ்திரேலியா) பள்ளிக்கு முந்தைய ஆண்டைக் 'கிண்டி' என்கிறார்கள். பள்ளியின் முதல் ஆண்டுக்கும் இடத்துக்கு இடம் பெயர் வேறு: விக்டோரியா, குயின்ஸ்லாந்து, டாஸ்மேனியாவில் 'ப்ரெப்', மேற்கு ஆஸ்திரேலியாவில் 'ப்ரீ-பிரைமரி', தெற்கு ஆஸ்திரேலியாவில் 'ரிசெப்ஷன்', வடக்குப் பிரதேசத்தில் 'டிரான்சிஷன்'. எனவே ஊரில் எல்.கே.ஜி. படித்தானா, நேசரிக்குப் போனாளா என்பதை வைத்து இங்கே வகுப்பைக் கணக்கிடாதீர்கள். பிறந்த தேதி, குடியிருக்கும் மாநிலம், இந்த இரண்டும்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கின்றன.

2023 ஜூன் 15இல் பிறந்த ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். நியூ சவுத் வேல்ஸில் ஜூலை 31க்குள் 5 வயது நிறைந்தால் அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே பள்ளியில் சேரலாம். ஆகவே இந்தப் பிள்ளைக்கு 2027 ப்ரீஸ்கூல், 2028 பள்ளி. குயின்ஸ்லாந்திலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் கெடு ஜூன் 30. அங்கும் 2027 கிண்டி, 2028 பள்ளி. விக்டோரியாவில் கெடு ஏப்ரல் 30. ஆறு வாரம் பிந்திவிட்டதால் 2028இல்தான் நான்கு வயதுக் கிண்டர், 2029இல் ப்ரெப். டாஸ்மேனியாவில் கெடு ஜனவரி 1, அங்கும் 2029தான். தெற்கு ஆஸ்திரேலியாவில் மே முதல் அக்டோபர் வரை பிறந்தவர்கள் ஆண்டின் நடுவில், மூன்றாம் பருவத்தில் சேர்கிறார்கள். இந்தப் பிள்ளை 2027 நடுவில் ப்ரீஸ்கூலும் 2028 நடுவில் ரிசெப்ஷனும் தொடங்கும். ஒரே பிள்ளை, மெல்போர்னிலிருந்து சிட்னிக்கு வீடு மாறினால் ஒரு வருடம் முன்னால் போகிறது. வேலை மாறி வேறு மாநிலம் போக வாய்ப்புள்ள பெற்றோர் இதை முதலிலேயே கணக்கிட்டுக்கொள்வது நல்லது. சிட்னியிலும் நான்கரை வயதில் அனுப்பியே ஆகவேண்டும் என்றில்லை. 6 வயதுக்குள் சேர்த்தால் போதும்.

நாடு முழுவதும் பள்ளிக்கு முந்தைய ஆண்டுக்கு அடிப்படை அளவு ஒன்றுதான்: ஆண்டுக்கு 600 மணி நேரம், அதாவது 40 வாரங்களுக்கு வாரம் 15 மணி. அதை எங்கே, எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. பெர்த்தில் அரசுப் பள்ளி வளாகத்துக்குள்ளேயே கிண்டி நடக்கிறது; ஒரு வாரம் இரண்டு நாள், மறு வாரம் மூன்று நாள் என்று வைக்கும் பள்ளிகள் நிறைய. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் மீதி நாட்களுக்கு வேறு ஏற்பாடு தேவைப்படும். விக்டோரியாவில் தனிக் கிண்டர்களும் (கிண்டர் மட்டுமே நடத்தும் இடங்கள்) உண்டு, சைல்ட்கேருக்குள் (குழந்தைகள் காப்பகம்) நடக்கும் கிண்டரும் உண்டு. 2023 முதல் மூன்று, நான்கு வயதுகளுக்கு அங்கே இலவசக் கிண்டர் திட்டம் இருக்கிறது. குயின்ஸ்லாந்தில் 2024 ஜனவரியிலிருந்து வாரம் 15 மணி நேரக் கிண்டி இலவசம். 'இலவசம்' என்ற சொல் அந்த 15 மணி நேரத்துக்கு மட்டும்தான். சைல்ட்கேரில் காலை ஏழிலிருந்து மாலை ஆறு வரை விட்டால் மீதி நேரத்துக்குக் கட்டணம் வரும். எழுத்தில் கட்டண விவரம் கேட்டு வாங்குங்கள்.

சைல்ட்கேர் கட்டணத்துக்கான அரசு மானியம் குடியுரிமை, நிரந்தர விசா, வேறு சில குறிப்பிட்ட விசாக்கள் உள்ளவர்களுக்கே. மாணவர் விசாவிலும் தற்காலிக வேலை விசாவிலும் வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைக்காது. தகுதி இருந்தால் சென்டர்லிங்க்கில் (அரசு உதவித்தொகை அலுவலகம்) உடனே விண்ணப்பியுங்கள். பின்தேதியிட்டுத் தருவது 28 நாட்களுக்கு மட்டுமே.

பதிவு செய்யும் வழியில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். விக்டோரியாவில் பல கவுன்சில்கள் (உள்ளாட்சி மன்றங்கள்) தங்கள் பகுதித் தனிக் கிண்டர்களுக்கு ஒரே பொதுப் பதிவை நடத்துகின்றன. முதல் சுற்று பெரும்பாலும் முந்தைய ஆண்டின் நடுவிலேயே முடிந்துவிடும். சைல்ட்கேரில் நடக்கும் கிண்டர் இந்தப் பட்டியலில் பெரும்பாலும் வராது. அங்கே நேரடியாகத்தான் கேட்க வேண்டும். கவுன்சிலில் பதிந்தாயிற்று என்று நம்பிக் காத்திருந்து இரண்டையும் இழக்காதீர்கள். அகதியாகவோ தஞ்சம் கோரியோ வந்த குடும்பங்களுக்கு விக்டோரியாவில் முன்னுரிமை உண்டு; விண்ணப்பத்திலேயே அதைக் குறிப்பிடுங்கள். பெர்த்தில் விண்ணப்பம் நேராகப் பள்ளிக்கு, முந்தைய ஆண்டு ஜூலை இறுதிக்குள். கிண்டியில் இருக்கும் பிள்ளைக்கும் ப்ரீ-பிரைமரிக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

எந்த மாநிலமானாலும் பிறப்புச் சான்றிதழ் அல்லது பாஸ்போர்ட், விசா விவரம், முகவரிச் சான்று, தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். சிக்கல் வருவது கடைசியில் சொன்னதில்தான். ஊரிலிருந்து கொண்டுவந்த தடுப்பூசி அட்டையைக் காட்டினால் விக்டோரியாவிலோ நியூ சவுத் வேல்ஸிலோ மேற்கு ஆஸ்திரேலியாவிலோ ஏற்க மாட்டார்கள். ஆஸ்திரேலியத் தடுப்பூசிப் பதிவேட்டிலிருந்து எடுத்த அறிக்கைதான் வேண்டும். அட்டையை ஜி.பி.யிடம் (குடும்ப மருத்துவர்) கொடுத்தால் அவர் பதிவேட்டில் ஏற்றி, விடுபட்டதற்கு அட்டவணை போட்டுத் தருவார். ஊரில் ஒன்பதாம் மாதம் போட்ட தட்டம்மை ஊசி இங்கே கணக்கில் வராது, ஏனென்றால் 12 மாதத்தில் ஒன்று வேண்டும் என்பது இங்குள்ள விதி. இந்தியாவின் அரசு எம்.ஆர். (தட்டம்மை, ருபெல்லா) ஊசியில் பொன்னுக்கு வீங்கிக்கான மருந்து இல்லை. அதையும் போட வேண்டிவரும். 12 மாதத்தில் போடும் மெனிஞ்சோகாக்கல் (ஒருவகை மூளைக்காய்ச்சலுக்கு எதிரானது), 18 மாதத்தில் போடும் சின்னம்மை ஊசிகளும் பெரும்பாலும் விடுபட்டிருக்கும். ஊசிகளுக்கிடையே வாரக்கணக்கில் இடைவெளி தேவை என்பதால், வந்த முதல் மாதத்திலேயே தொடங்கிவிடுங்கள். மெடிகேர் (அரசு மருத்துவக் காப்பீடு) இல்லாவிட்டாலும் பதிவேட்டில் ஏற்றலாம். மருத்துவர் கட்டணம் கையிலிருந்து போகும்.

சில அட்டைகளில் பிள்ளையின் பெயர் இல்லாமல் 'பேபி ஆஃப்' என்று அம்மாவின் பெயர் மட்டும் எழுதியிருக்கும். பாஸ்போர்ட்டிலோ அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக நிற்கும். இரண்டும் ஒரே பிள்ளைதான் என்று காட்டப் பிறப்புச் சான்றிதழையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். முடிந்தால் கிளம்பும் முன்பே ஊரில் மருத்துவமனையில் கேட்டு, பெயரும் பிறந்த தேதியும் ஒவ்வொரு ஊசி போட்ட தேதியும் ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் வாங்கிவிடுங்கள். பேசத் தயக்கமாக இருந்தால் 131 450 என்ற எண்ணை அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம்.